குருக்கள் கைக்கு 24 வோல்ட் போதும்





ஆடிப்பூரத்துக்கு வந்தவங்க கவனிச்சிருப்பீங்க. அர்த்த மண்டபத்துச் சுவர்ல இருந்த பழைய சுவிட்ச் இப்போ இல்ல. அதே இடத்துல ஒரு பச்சை பட்டன் இருக்கு. குருக்கள் ஐயா ஒரு தடவை அமுக்கினா மணி, மேளம், சேகண்டி எல்லாம் சேர்ந்து அடிக்கிற மிஷின் ஓடுது. தீபாராதனை முடிஞ்சு இன்னொரு தடவை அமுக்கினா நிக்குது. காலை பூஜைக்கும் சாயரட்சைக்கும் நேரம் வந்தா தானாவே அடிக்குது.

"கோயிலுக்கு கம்ப்யூட்டர் வந்துருச்சா?"னு நிறைய பேர் கேட்டீங்க. வேற ரெண்டு கோயில்லேர்ந்து "எங்க பசங்களும் இதே மாதிரி செய்யறாங்க, எப்படி செஞ்சீங்கன்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல இது. தப்பா செஞ்சா உயிர் போகும். அதனால கொஞ்சம் நீளமா எழுதறோம். பொறுமையா படிங்க.

முதல்ல எங்களைப் பத்தி. எங்க தொண்டூழியர் அணியில தொழிற்சாலையில வேலை செய்யறவங்க மூணு பேர். படிச்சது எஸ்பிஎம் வரைக்கும்தான். இன்ஜினியர் யாரும் இல்ல. ஆனா வாழ்க்கையில பாதிக்கு மேல மிஷின் பக்கத்துலயே நின்னுருக்கோம். எந்த மிஷின் எப்படி கையைப் பிடிக்கும்னு தெரியும். அந்த அனுபவத்துல சொல்றதுதான் இது.

ஏன் பழைய சுவிட்சை எடுத்தோம்

அபிஷேகம் நடக்கும்போது குருக்கள் கை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பால், தயிர், பன்னீர், தண்ணி. வேட்டி நனைஞ்சிருக்கும். கருங்கல் தரை முழுக்க ஈரம். காலுல செருப்பு இல்ல. அலங்காரம் முடிஞ்சு திரை விலகற நேரத்துல அந்தக் கையோடதான் போய் சுவிட்சைப் போடணும். அந்த சுவிட்சுக்குள்ள 230 வோல்ட்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை குருக்கள் ஐயா, "சுவிட்சைத் தொட்டா விர்ருங்குது"ன்னு சொன்னார். கழட்டிப் பாத்தா உள்ள ஈரம், பச்சை பூத்திருந்தது. புது சுவிட்ச் போட்டாச்சு. ஆனா அது எத்தனை மாசத்துக்கு? தண்ணி ஊத்தற இடம் மாறப் போறதில்ல. ஈரக்கையும் மாறப் போறதில்ல.

"மெயின் பாக்ஸ்ல ஆர்சிசிபி இருக்கே, அது விழுந்துடாதா?"ன்னு சிலர் கேட்டாங்க. இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். பழைய கட்டடங்கள்ல மெயின்ல இருக்கறது பெரும்பாலும் 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அது முக்கியமா தீப்பிடிக்காம இருக்கறதுக்கு. மனுஷ உடம்பு வழியா 30 மில்லி ஆம்பியருக்கு மேல கொஞ்ச நேரம் ஓடினாலே இதயத் துடிப்பு குலையற ஆபத்து வந்துடும். 100 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த அளவுக்கு அசையாது. ஆளைக் காப்பாத்தணும்னா 30, ஈரத் தரைன்னா 10 மில்லி ஆம்பியர் வேணும்.

அதனால எங்களுக்குத் தோணின கேள்வி இதுதான்: குருக்கள் தொடற இடத்துக்கு 230 வோல்ட் எதுக்கு வரணும்?

தம்பி கொண்டு வந்த பெட்டி

எங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை தேவாரம் சொல்லிக் கொடுக்கற பிள்ளைங்கள்ல ஒரு தம்பி பொலிடெக்னிக்ல படிக்கிறார். இந்தப் பேச்சைக் கேட்டுட்டு, "அங்கிள், நான் செஞ்சு தரேன்"னார். ரெண்டு வாரத்துல ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவோட வந்துட்டார். உள்ள இஎஸ்பி32னு ஒரு சின்ன போர்டு, தீப்பெட்டி அளவுதான். அதுக்குப் பக்கத்துல நீல நிற ரிலே ஒண்ணு. பட்டன் அமுக்கினா மேளம் அடிச்சது. நேரம் போட்டா தானா அடிச்சது. போன்லேர்ந்தும் நிறுத்த முடிஞ்சது.

நிர்வாகத்துல எல்லாருக்கும் சந்தோஷம். ஆடிப்பூரத்துக்கு மூணு வாரம்தான் இருந்தது. தலைவர், "இந்த வாரமே மாட்டிடுங்க"ன்னார்.

நாங்க டப்பாவைத் திறந்து பாத்தோம். போர்டுக்குப் போற மெல்லிசு ஒயரும் மோட்டாருக்குப் போற 230 வோல்ட் ஒயரும் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தது. எர்த் இல்ல. ஃபியூஸ் இல்ல.

"தலைவரே, இதை மாட்ட வேண்டாம்"னு சொன்னோம்.

"ஏன்யா? வேலை செய்யுதே!"

தம்பி முகம் வாடிப்போச்சு. அவரோட அப்பா எங்களைத் தனியா கூப்பிட்டு, "அண்ணே, பையன் ராத்திரி முழுக்க கண் முழிச்சு செஞ்சான். பத்து பேர் முன்னால அப்படி சொல்லிட்டீங்களே"ன்னார். அவர் வருத்தம் எங்களுக்குப் புரிஞ்சது. இந்தக் காலத்துல ஒரு இளைஞர் கோயிலுக்கு வந்து தானா ஒரு வேலையை எடுத்துச் செய்யறதே பெருசு. ஒரு தடவை மனசு உடைஞ்சா அப்புறம் வரமாட்டாங்க. இது எங்களுக்கும் தெரியும்.

ஆனா தொழிற்சாலையில ஒரு பழக்கம் உண்டு. புது மிஷின் வந்தா "வேலை செய்யுதா?"ன்னு ஒரு தடவை கேப்போம். "கெட்டுப்போனா என்ன செய்யும்?"னு பத்து தடவை கேப்போம். தம்பியை உக்கார வச்சு, டீ குடிச்சுக்கிட்டே அந்த ரெண்டாவது கேள்வியைத்தான் அவர்கிட்ட கேட்டோம். அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி வரைக்கும் பேசினோம். கீழ இருக்கறதுல பாதி அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, பாதி நாங்க அவருக்குச் சொன்னது.

சின்ன போர்டு, பெரிய மோட்டார்

இஎஸ்பி32 போர்டோட ஒரு கால்லேர்ந்து வர்றது 3.3 வோல்ட். அதுலேர்ந்து நிம்மதியா எடுக்கக்கூடியது சுமார் 20 மில்லி ஆம்பியர். ஒரு சின்ன எல்இடி பல்பு எரியும், அவ்வளவுதான்.

எங்க மேள மிஷின்ல இருக்கறது அரை குதிரைத்திறன் மோட்டார். 230 வோல்ட்ல ஓடும்போது 3 ஆம்பியருக்கு மேல இழுக்கும். கிளம்பற அந்த ஒரு நொடியில அஞ்சாறு மடங்கு இழுக்கும். பிள்ளையாரோட மூஞ்சூறு தேரை இழுக்கற கதைதான். அதனால நடுவுல படிப்படியா ஆள் வேணும்.

முதல் படி டிரான்சிஸ்டர். போர்டு அதுக்கு ஒரு சின்ன சைகை காட்டும், அது கொஞ்சம் பெரிய கரண்டைத் திறந்து விடும். ரெண்டாவது படி ரிலே. அந்த நீல நிற 5 வோல்ட் ரிலேயோட காயிலுக்கு சுமார் 70 மில்லி ஆம்பியர் வேணும். போர்டு கால் நேரா கொடுக்க முடியாது, டிரான்சிஸ்டர் கொடுக்கும். காயில் காந்தமாகி உள்ள இருக்கற தகட்டை இழுக்கும், டிக்குனு சத்தம் கேக்கும், அந்தப் பக்கம் இருக்கற சுவிட்ச் மூடும்.

இங்க ஒரு சின்ன சாமானை மறக்கக் கூடாது: காயிலுக்குக் குறுக்க தலைகீழா ஒரு டயோடு, 1என்4007 மாதிரி. காயிலுக்குக் கரண்டை நிறுத்தினதும் அது சும்மா அடங்காது, ஒரு பெரிய வோல்டேஜை எதிர்ப்பக்கமா உதைக்கும். டயோடு இல்லைன்னா அந்த உதை டிரான்சிஸ்டர் மேல விழும். சில காசு சாமான்தான். அது இல்லாததால செத்துப்போன போர்டுகளை தொழிற்சாலையில நிறைய பாத்திருக்கோம். கடையில ரெடியா விக்கற ரிலே போர்டுல டிரான்சிஸ்டரும் டயோடும் ஏற்கெனவே இருக்கும். தம்பி வாங்கினதுல இருந்தது.

"அப்போ அந்த ரிலேயே மோட்டாரை ஓட்டலாமே? மேல 10 ஆம்பியர், 250 வோல்ட்னு எழுதியிருக்கே, அங்கிள்?"

நல்ல கேள்வி. அந்த 10 ஆம்பியர், தண்ணி சூடாக்கற ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்குச் சொன்னது. மோட்டார் சாது இல்ல. கிளம்பும்போது 20 ஆம்பியர் வரைக்கும் பாயும், நிக்கும்போது தீப்பொறி பறக்கும். தினமும் காலை மாலை அடிச்சா, சில மாசத்துல அந்தச் சின்னத் தகடு உருகி ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா போர்டு "நில்லு"ன்னு சொன்னாலும் மேளம் நிக்காது.

நாங்க சேர்த்த மூணாவது படி

தொழிற்சாலையில மோட்டாரை ஓட்டறதுக்குன்னே காண்டாக்டர்னு ஒரு சாமான் உண்டு. அதுவும் ரிலே மாதிரிதான், ஆனா தகடு தடியா இருக்கும், தீப்பொறியைத் தாங்கும். வாங்கும்போது ஏசி-3னு போட்டிருக்கற ரேட்டிங்கைப் பாருங்க, அதுதான் மோட்டாருக்கான கணக்கு.

இந்த காண்டாக்டர்ல காயிலை நம்ம தேர்ந்தெடுத்து வாங்கலாம். 230 வோல்ட் காயிலும் உண்டு, 24 வோல்ட் டிசி காயிலும் உண்டு. தொழிற்சாலை மிஷின்கள்ல ஆளுங்க தொடற பட்டன், சென்சார் எல்லாம் பெரும்பாலும் 24 வோல்ட்லதான் ஓடும். அதையே கோயிலுக்கும் கொண்டு வந்தோம்.

அதாவது, போர்டு டிரான்சிஸ்டர்கிட்ட சொல்லும், டிரான்சிஸ்டர் ரிலேகிட்ட சொல்லும், ரிலே 24 வோல்ட்டை மட்டும் திறந்து காண்டாக்டர் காயிலுக்கு அனுப்பும். காண்டாக்டர்தான் 230 வோல்ட்டைத் தொடும். தம்பியோட பெட்டிக்குள்ள 24 வோல்ட்டுக்கு மேல எதுவும் கிடையாது. குருக்கள் அமுக்கற பட்டன்லயும் அதே 24 வோல்ட்தான். ஈரக்கையோட தொட்டாலும் ஆளை ஒண்ணும் செய்யாத அளவு அது.

230 வோல்ட் முழுக்க ஸ்டோர் ரூம்ல, பூட்டு போட்ட ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள போயிடுச்சு. அந்தப் பெட்டிக்கு எர்த் உண்டு. தண்ணி படாது, சின்னப் பிள்ளைங்க கை எட்டாது.

ரெண்டே ரெண்டு வாசல்

இப்படி செஞ்சதுல பெரிய நன்மை என்னன்னா, 230 வோல்ட்டுக்கும் 24 வோல்ட்டுக்கும் நடுவுல ரெண்டே ரெண்டு வாசல்தான் இருக்கு. ஒண்ணு, 230ஐ 24ஆ மாத்தற பவர் சப்ளை. இன்னொண்ணு, காண்டாக்டர். இந்த ரெண்டு வாசல்ல காவல் சரியா இருந்தா, 230 இந்தப் பக்கம் வராது.

பவர் சப்ளைக்குள்ள டிரான்ஸ்பார்மர் இருக்கும். ரெண்டு பக்கத்துக்கும் ஒயர் தொடர்பு கிடையாது, காந்தம் மட்டும்தான் சக்தியைக் கடத்தும். காண்டாக்டரும் அப்படித்தான், காயில் ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம். ஆனா மலிவு விலை அடாப்டர்கள்ல இந்த நடுச்சுவர் மெல்லிசா இருக்கும். இடி மின்னல்ல அது ஓட்டை விழுந்தா, 230 வோல்ட் நேரா குருக்கள் பட்டனுக்கு வந்து நிக்கும். அப்படி நடந்ததுன்னு தொடற வரைக்கும் தெரியாது. அதனால ரோட்டோரக் கடையில விக்கற பேர் தெரியாத அடாப்டரைக் கோயிலுக்கு வாங்காதீங்க. சிரிம் முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. இந்த ஒரு சாமான்ல மட்டும் காசைப் பாக்காதீங்க.

தம்பி இன்னொரு காவலும் வச்சார். பட்டன்லேர்ந்து போர்டுக்கு வர்ற ஒயர் மண்டபத்தைச் சுத்தி பதினஞ்சு மீட்டர் ஓடுது. இடி இடிச்சா அவ்வளவு நீள ஒயர்ல தானாவே வோல்டேஜ் கிளம்பும். அது போர்டுக்குள்ள போகாம இருக்க ஆப்டோகப்ளர்னு ஒரு சின்ன ஐசி. உள்ள ஒரு பக்கம் குட்டி எல்இடி, எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைப் பாக்கற ஒரு கண். நடுவுல ஒயர் இல்ல. பட்டன் அமுக்கினா இந்தப் பக்கம் விளக்கு எரியும், அந்தப் பக்கம் அதைப் பாத்து வேலை செய்யும்.

இதைக் கேட்டதும் குருக்கள் ஐயா சிரிச்சுட்டார். "தீபாராதனை மாதிரின்னு சொல்லுங்க. நான் உள்ள தீபம் காட்டறேன், நீங்க தூர நின்னு பாத்துக் கை கூப்பறீங்க. யாரும் யாரையும் தொடல, சேதி போயிடுது"ன்னார். இதைவிட நல்லா நாங்க விளக்க முடியாது.

ஒரு குறிப்பு, செய்யற பசங்களுக்கு: ஆப்டோகப்ளர் இருக்கற ரிலே போர்டுல ஜேடி-விசிசின்னு ஒரு ஜம்பர் இருக்கும். அதை அப்படியே விட்டா ரெண்டு பக்கமும் ஒரே 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கும். ஆப்டோகப்ளர் இருந்தும் பிரிவினை இருக்காது. சுவர் கட்டிட்டு கதவைத் திறந்து வச்ச மாதிரி.

கெட்டுப்போனா என்ன ஆகும்?

அன்னிக்கு ராத்திரி ஒரு தாள்ல இந்தக் கேள்வியா எழுதிக்கிட்டே போனோம். முக்கியமானதை மட்டும் இங்க சொல்றோம்.

மழையில கரண்டு போய் வந்தா? போர்டு திரும்ப கிளம்பற அந்தக் கண நேரத்துல அதோட சில கால்கள் தானா மேலயும் கீழயும் ஆடும். ரிலே சும்மா டிக்குனு அடிக்கும். அதனால தம்பி வேற காலுக்கு மாத்தி, ரெசிஸ்டர் போட்டு, கிளம்பும்போது ரிலே எப்பவும் நிறுத்தத்துலயே இருக்கற மாதிரி செஞ்சார்.

போர்டு கடிகாரம்? கரண்டு போனா நேரம் மறந்துடும். சாயங்காலம் எட்டு மணிக்குக் கரண்டு வந்து, போர்டு பூஜ்யத்துலேர்ந்து எண்ண ஆரம்பிச்சதுன்னு வைங்க. ஆறரை மணி பூஜைக்குன்னு வச்ச மேளம் நடுராத்திரி ரெண்டரைக்கு அடிக்கும்! எங்க தாமான்ல எல்லா இனத்தவரும் இருக்காங்க. கைக்குழந்தை இருக்கற வீடு கோயில் வேலிக்கு ஒட்டினாப்புல இருக்கு. இத்தனை வருஷமா ஒருத்தர்கூட கோயில் சத்தத்தைப் பத்தி முகம் சுளிச்சதில்ல. ஒரு ராத்திரி அந்த மரியாதையைக் கெடுத்துடும். அதனால பட்டன் பேட்டரியோட தனி கடிகார ஐசி, டிஎஸ்3231, சேர்த்தார். அதோட ஒரு விதி: நேரம் சந்தேகமா இருந்தா தானா அடிக்கக் கூடாது, குருக்கள் பட்டனுக்கு மட்டும் அடிக்கணும்.

ப்ரோகிராம் சிக்கி நின்னுட்டா? அதுக்குத்தான் பச்சை பட்டனுக்குக் கீழ ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. அது போர்டைக் கேக்காது. காண்டாக்டர் காயிலுக்குப் போற 24 வோல்ட்டை நேரா வெட்டிடும். ஆபத்துக்கு நிறுத்தற பட்டனை எப்பவும் ப்ரோகிராம் கையில விடக்கூடாது, ஒயரே வெட்டணும். இது தொழிற்சாலைப் பாடம்.

காண்டாக்டரே ஒட்டிக்கிட்டா? அப்போ சிவப்பு பட்டனும் உதவாது. இரும்புப் பெட்டி வெளிப்பக்கம் திருகற ஐசொலேட்டர் சுவிட்ச் இருக்கு. அதைத் திருகினா 230 முழுசா நிக்கும். தொண்டூழியர் எல்லாருக்கும் அது எங்க இருக்குன்னு காட்டியாச்சு.

மேளக்குச்சி சிக்கி மோட்டார் சுத்த முடியாம நின்னா? எம்சிபி உடனே விழாது, மோட்டார் சூடாகிப் புகையும். அதுக்கு காண்டாக்டருக்குக் கீழ ஓவர்லோட் ரிலே. மோட்டார் மேல எழுதியிருக்கற ஆம்பியருக்கு அதை வைக்கணும்.

"சாலிட் ஸ்டேட் ரிலே போட்டா சத்தமே இல்லாம இருக்குமே"ன்னு ஒருத்தர் கேட்டார். நல்ல சாமான்தான், ஆனா நிறுத்தியிருக்கும்போதும் அது வழியா கொஞ்சம் கரண்டு கசியும், ஓடும்போது சூடாகும், கெட்டுப்போனா பெரும்பாலும் ஓடற நிலையிலயே மாட்டிக்கும். ஈரம் இருக்கற கோயில்ல, மோட்டாருக்கு, எங்களுக்கு அது வேண்டாம்னு பட்டது.

யார் எதைத் தொடணும்

இரும்புப் பெட்டி வேலையை நாங்களும் தொடல, தம்பியும் தொடல. எரிசக்தி ஆணையத்துல பதிவு பெற்ற ஒயர்மேன், பெண்டவாய்னு சொல்வாங்களே, அவரைக் கூப்பிட்டுத்தான் செஞ்சோம். அதுதான் நாட்டுச் சட்டம். மேள மிஷின் லைனுக்குத் தனியா 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டார். 500 வோல்ட் மெக்கர் வச்சு ஒயர் காப்பையெல்லாம் சோதிச்சார். எல்லாம் முடிஞ்சு எழுத்துல சான்று கொடுத்தார், ஆபீஸ் ஃபைல்ல இருக்கு. இந்தச் செலவெல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் அன்னதானச் செலவை விடக் குறைவுதான்.

24 வோல்ட் பக்கம் முழுக்க தம்பியோட வேலை. முதல்ல மோட்டாருக்குப் பதிலா ஒரு 24 வோல்ட் பல்பை மாட்டி ரெண்டு நாள் சோதிச்சார். நாங்க பக்கத்துல நின்னு சும்மா சும்மா பிளக்கைப் பிடுங்கி மாட்டினோம். இருபது தடவை. ஒரு தடவைகூட பல்பு தப்பா எரியல. இருபதாவது தடவை தம்பியே சிரிச்சுக்கிட்டு, "இன்னும் பத்து தடவை பிடுங்குங்க அங்கிள்"னார். அப்பதான் எங்களுக்கு நிம்மதி. தன் வேலையைத் தானே உடைச்சுப் பாக்கற துணிச்சல் வந்துட்டா அவர் தொழில்காரர் ஆயிட்டார்னு அர்த்தம்.

ஆடிப்பூரத்துக்கு ரெண்டு நாள் முன்னால மாட்டினோம். அவர் அப்பா வந்து முதல் பட்டனை அமுக்கட்டும்னு தலைவர் சொன்னார். அவர் அமுக்கல. குருக்கள் ஐயாவைக் கூப்பிட்டு, "சாமி, ஈரக்கையோடயே அமுக்குங்க"ன்னார்.

கைமணி அப்படியேதான் இருக்கு

இன்னொரு விஷயம். வயசான அம்மா ஒருத்தங்க வருத்தமா கேட்டாங்க, "இனிமே மணியடிக்க ஆள் வேண்டாமா தம்பி?"ன்னு. வேணும்மா. வாசல்ல தொங்கற கைமணியை யாரும் தொடல, எடுக்கவும் மாட்டோம். வார நாள்ல சாயரட்சைக்கு ஆள் வர முடியாத நேரத்துக்குத்தான் இந்த ஏற்பாடு. ஆள் இருந்தா கைமணியும் சேர்ந்து அடிக்கட்டும். கரண்டு போனா அதுதானே அடிக்கப் போகுது!

மத்த கோயில் தொண்டூழியர்களுக்கு

1. ஈரக்கை தொடற இடத்துல 24 வோல்ட்டுக்கு மேல வரவிடாதீங்க.

2. 230 பக்கமும் சின்ன வோல்ட் பக்கமும் ஒரே டப்பாவுக்குள்ள இருக்க வேண்டாம். பெட்டியும் தனி, ஒயர் போற குழாயும் தனி.

3. மோட்டாருக்கு சின்ன ரிலே போதாது. 24 வோல்ட் காயில் காண்டாக்டர், அதோட ஓவர்லோட்.

4. லைவ் ஒயரை வெட்டணும். நியூட்ரலை மட்டும் வெட்டினா, மிஷின் நின்னுருக்கும், ஆனா உள்ள உயிர் இருக்கும்.

5. ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்குங்க. நாங்க பௌர்ணமி பூஜை அன்னிக்கு காலையில அமுக்கறோம், மறக்காது.

6. 230 வேலைக்குப் பதிவு பெற்ற ஒயர்மேன். "நம்ம ஆளுக்கு எல்லாம் தெரியும்"னு விடாதீங்க.

7. பசங்க ஏதாவது செஞ்சு கொண்டு வந்தா "வேண்டாம்"னு மட்டும் சொல்லி அனுப்பிடாதீங்க. உக்கார வச்சு, எது கெட்டா என்ன ஆகும்னு சேர்ந்து யோசிங்க. நேரம் ஆகும், பரவாயில்ல.

தம்பி இப்போ கோபுர விளக்குக்கும் மேல் தொட்டி மோட்டாருக்கும் இதே மாதிரி வரைஞ்சுக்கிட்டு இருக்கார். இந்தத் தடவை படம் வரையறதுக்கு முன்னாலயே ஒயர்மேனுக்குப் போன் போட்டுட்டார். அடுத்த மாசம் அவருக்குப் பரீட்சை. அது நல்லபடியா முடியணும்னு அம்பாள்கிட்ட எல்லாரும் வேண்டிக்கோங்க.

உங்க கோயில்ல இந்த வேலை செய்யறவங்க யாராவது பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலை பூஜை முடிஞ்சு வாங்க. இரும்புப் பெட்டியைத் திறந்து காட்ட முடியாது, சாவி நிர்வாகத்துகிட்ட. தம்பியோட பெட்டியைத் தாராளமா திறந்து காட்டறோம். பசியாறிட்டுப் போகலாம்.

அன்னை எல்லாரையும் காக்கட்டும். ஓம் சக்தி பராசக்தி.